ஒழுக்கை அடைத்த பின்னரே வர்ணம்

கொழும்பிலே பழைய கார் வைத்திருப்போர் இரு வகையினர். பொனற்றைத் திறந்து தாமே கைவைப்பவர்கள் ஒரு வகை. திறப்பதற்கென்று ஒருவரை அழைப்பவர்கள் மற்றொரு வகை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே, உத்தியோகத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. எழுதுகோல் பிடிக்கும் கையில் எண்ணெய் படக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். படிப்பில் மந்தமான பிள்ளையை 'கராஜிலே கொண்டுபோய் விடுவேன்' என்று மிரட்டுவது வழக்கம். கராஜ் என்றால் தண்டனைக்குரிய இடம். அங்கேயும் அறிவு என்று ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. இந்த மனப்பான்மையைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம். பேசத் தூண்டியது, அண்மையில் எமது வீட்டு முற்றத்தில் வைத்துக் கழுவி, ஒழுக்கடைத்து, வர்ணம் பூசிய ஓர் எஞ்சின்.

எமது பெரியப்பா கொட்டாஞ்சேனையிலே குடியிருந்து அரசாங்க எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். 1960ஆம் ஆண்டில் கடன்பட்டு அவர் வாங்கிய மொறிஸ் மைனர் 1000 இன்றும் எம்மிடம் இருக்கிறது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. சாதாரண வருமானமுடையவரும் வாங்கக்கூடிய கார் என்பதே அதன் பெருமை. 1971இல் உற்பத்தி நின்றபோது 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன. 1956 முதல் வந்த மைனர் 1000இன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. நான்கு சிலிண்டர்களும் எட்டு வால்வுகளும் கொண்டது.

பெரியப்பா காரை வாங்கிய சிறிது காலத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, நாட்டிலிருந்த கார்களைக் கொண்டே நாடு ஓடவேண்டியிருந்தது. ஓட்டியவர்கள் யார்? இறக்குமதி வணிகர்களா? இல்லை. பஞ்சிகாவத்தையிலே பழைய பாகங்களைப் பிரித்துச் சேர்த்தவர்களும், லேத் பட்டறைகளிலே தேய்ந்த தண்டுகளைக் கடைந்து கொடுத்தவர்களும், தகரக் கொட்டில்களிலே நிலத்திற் படுத்துக் கிடந்து வேலை செய்தவர்களுமே ஓட்டினார்கள். அந்தத் திறமையின் அளவை அறிய ஒரு செய்தி போதும்: 1990களில் காலியிலிருந்த பட்டறையொன்று மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகருக்கே அனுப்பியது. கார் பிறந்த நாட்டுக்கு நம் நாட்டுத் தொழிலாளி அதன் உறுப்புகளைச் செய்து கொடுத்தான்!

எமது காரின் எஞ்சின் சில ஆண்டுகளாகவே எண்ணெய் ஒழுக்கத் தொடங்கியிருந்தது. வெளிப்புறத்திலே எண்ணெயும் புழுதியும் சேர்ந்து விரல் தடிப்பில் கறுத்துக் கிடந்தது. எண்ணெய் படாத இடங்களைக் கடற்காற்றின் உப்பு அரித்திருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பாஸை வரவழைத்தோம். பெரியப்பாவின் காலத்தில் இதே காரைப் பார்த்தவரின் மகன் அவர், சிங்களக் கத்தோலிக்கர், கொட்டாஞ்சேனைத் தமிழைச் சரளமாகப் பேசுபவர். அவரோடு மட்டக்குளியைச் சேர்ந்த 19 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவரும் வந்தார். பாஸ் அவரை 'மல்லி' என்று அழைத்தார். இருவரும் எம்மைச் 'சேர்' என்றார்கள்.

'பாஸ்' என்ற இச்சொல்லையும் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. அவர்கள் மொழியில் அதற்கு எசமான் என்று பொருள். இங்கே அது கைவினைஞனைக் குறிக்கும் சொல்லாயிற்று. தச்சனும் கொத்தனும் மெக்கானிக்கும் பாஸ் ஆனார்கள். ஆனால் எசமானின் நாற்காலி மட்டும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

'அப்படியே மேலாலே வர்ணம் அடித்துவிட முடியாதா?' என்று வீட்டிலுள்ள ஒருவர் கேட்டார். பாஸ் சிரித்தார். 'அடிக்கலாம் சேர். விற்கிற ஆக்கள் அப்படித்தான் அடிக்கிறது. ரெண்டு மாசத்தில ஒழுக்கும் பெயின்றும் ஒண்டா வெளிய வரும்' என்றார். முதலிற் கழுவவேண்டும், பிறகு ஒழுக்கின் மூலத்தைக் காணவேண்டும், அதனை அடைத்த பின்னரே வர்ணம். இந்த ஒழுங்கு மாறக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

காபறேற்றரின் வாயையும் டிஸ்ரிபியூட்டரையும் பொலித்தீனாற் கட்டி மூடினோம். தடித்த அழுக்கை மரச் சீவலாற் சுரண்டினோம். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு தேய்த்தோம். பெற்றோலைத் தொடவே பாஸ் விடவில்லை. ஒரு பொறி போதும் என்றார். பின்னர் சவர்க்கார நீரால் அலம்பி உலர்த்தினோம். அழுக்கு நீங்க நீங்கப் பழைய வர்ணங்கள் தெரிந்தன: மேலே வெள்ளி நிறம், அதன் கீழே சாம்பல், எல்லாவற்றுக்கும் அடியிலே தொழிற்சாலையிற் பூசிய பச்சை.

உலர்ந்த எஞ்சின் மீது முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவச் சொன்னார். எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். வெண்பொடியில் எங்கே முதலில் ஈரம் கசிகிறதோ அதுவே ஒழுக்கின் பிறப்பிடம். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். விசிறிக் காற்று அதைப் பின்னே தள்ளும். ஆகவே சொட்டுகின்ற இடம் வேறு, தொடங்குகின்ற இடம் வேறு. பக்கத்திலுள்ள தப்பற் மூடிகள் இரண்டிலும், அடித்தொட்டியின் இரு முனைகளிலும், முன்பக்கச் சங்கிலி மூடியிலும் பொடி நனைந்தது. இத்தனை இடங்களும் ஒரே காலத்திற் பழுதாவானேன்? பாஸ் மூச்சுக் குழாயைக் கழற்றினார். பிஸ்ரனைக் கடந்து கீழே இறங்கும் வாயு வெளியேறுவதற்காக உள்ள குழாய் அது. களிம்பு படிந்து அது முற்றாக அடைபட்டிருந்தது. உள்ளே பெருகிய அமுக்கம் வழி கிடைத்த இடமெல்லாம் எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. அந்தக் குழாயைத் துப்புரவாக்காமல் எத்தனை காஸ்கற் மாற்றினாலும் பயனில்லை என்றார் அவர்.

மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாகக் கட்டி, செயின் புளொக்கினால் எஞ்சினை வெளியே தூக்கினோம். தேவையான காஸ்கற்றுகள் சில பஞ்சிகாவத்தையிற் கிடைத்தன. கிடைக்காதவற்றைப் பாஸ் தக்கைத் தாளில் தாமே வெட்டினார். தாளை மூடியின் மேல் விரித்து விளிம்பைச் சுற்றிச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்ட, விளிம்பின் அச்சு தாளிற் பதிந்தது, அதன்வழியே வெட்டினார். அடித்தொட்டியின் முனைகளில் வைக்கும் தக்கைத் துண்டுகள் விளிம்புக்குமேல் சிறிது துருத்தி நிற்கவேண்டும், இறுக்கும்போது அவை நசுங்கி இடைவெளியை நிரப்பும் என்று விளக்கினார். வால்வு மூடியின் இரண்டு நட்டுகளையும் அளவோடுதான் இறுக்கவேண்டும். மிகுதியாக இறுக்கினால் மூடி வளைந்து ஒழுக்கு அதிகரிக்கும். தண்டின் பின்முனையில் இந்த எஞ்சினுக்கு இறப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி உள்ளே அனுப்பும் திருகுத் தவாளிப்பே உண்டு. 'இதில ஒரு சொட்டு எப்பவும் விழும். இல்லையெண்டு சொல்றவன் பொய் சொல்றான்' என்றார்.

வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்யும் வேலை அந்த இளைஞருக்குக் கிடைத்தது. அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. அவர் எஞ்சினைக் கையாற் சுழற்றியபடி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். என்ன கணக்கென்று கேட்டோம். 'ஒன்பதுக் கணக்கு, சேர்' என்றார். எட்டு வால்வுகளுக்கும் வரிசையாக எண். ஒன்றாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாம் வால்வைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ஏன் அப்படி என்று கேட்டபோது, நான்கு சிலிண்டர்களும் எந்த ஒழுங்கிற் சுடுகின்றன என்பதை நிலத்திலே கீறிக் காட்டினார். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் இருமுறை சித்தியடையாதவர் அவர்!

ஆசிரியர்களாகிய நாம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? சமச்சீரும் பின்னமும் தெரிந்த ஒருவரைக் கணிதம் தெரியாதவர் என்று ஒரு பரீட்சை முத்திரை குத்துகிறது. அந்த முத்திரை அவருடைய கூலியைத் தீர்மானிக்கிறது. வாழ்நாள் முழுவதும் அவரை 'சேர்' என்று சொல்லவைக்கிறது. பாஸுடைய நிலையும் வேறல்ல. சொந்தமாகத் தொழில் தொடங்குமுன் பிறருடைய கராஜ்களில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே இந்நாட்டில் வந்துவிட்டது. ஆயினும் அவர் பெயரில் ஒரு சதமும் கட்டப்படவில்லை. அவருடைய தந்தையார் நெஞ்சு நோயால் இறந்தார். பழைய சிலிண்டர் தலைக் காஸ்கற்றுகள் செப்பும் அஸ்பெஸ்ரசும் சேர்ந்தவை. அவற்றை உலர்ந்தபடியே சுரண்டி, தூசியை வாயால் ஊதுவது அக்காலத்து வழக்கம். நோய்க்குக் காரணம் என்னவென்று எவரும் ஆராயவில்லை. நாம் பழைய காஸ்கற்றை நீரால் நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே சுரண்டினோம். கழிவெண்ணெயைத் தகரத்தில் சேர்த்து, அதனை வாங்குவோரிடம் ஒப்படைத்தோம். வடிகாலில் ஊற்றினால் அது வெள்ளவத்தைக் கால்வாய் வழியாகக் கடலிற் சேரும்.

அந்தத் தந்தையாருக்கு எமது குடும்பம் பட்ட கடன் ஒன்றுண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் வாகனங்களும் எரிக்கப்பட்டன. அப்போது இந்தக் கார், எஞ்சின் கழற்றப்பட்ட நிலையில் அவருடைய கொட்டிலில் நின்றது. தேடிவந்தவர்களிடம் அது தம்முடைய பழைய இரும்பு என்று சொல்லி வாசலிலே நின்றுவிட்டார். பெரியப்பா அகதிமுகாமிலிருந்து திரும்பி வந்தபோது, எஞ்சினையும் பூட்டி ஓடக்கூடிய நிலையிற் காரைக் கையளித்தார். கூலி வாங்க மறுத்தாராம். பெரியப்பா வற்புறுத்திக் கொடுத்தாராம். உழைப்பாளிக்கு இனமில்லை என்று மேடையிற் சொல்வது எளிது. இனவெறி தொழிலாளரையும் பிடித்தாட்டிய நாள்கள் அவை. அந்த நாள்களில் ஒருவர் வாசலில் நின்றார் என்பதையே இங்கே பதிவு செய்கிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று நாடு அறிவித்தது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேயே. இந்த ஐந்தாண்டுகளிலும் நாட்டின் சக்கரங்களைச் சுழற்றியவை இதே கைகள். நெருக்கடி வரும்போது நாம் அவர்களைத் தேடுகிறோம். கப்பல் வந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

இறுதியாக வர்ணம். எண்ணெய் நீக்கிய இரும்பைக் கடற்காற்றில் ஓரிரவு விட்டால் செந்துரு படியும். ஆகவே கம்பித் தூரிகையால் தேய்த்துத் தின்னராற் துடைத்த அன்றே பூசினோம். காஸ்கற் அமரும் முகங்களில் வர்ணம் படாதபடி மறைத்தோம். வெப்பம் தாங்கும் பச்சை எனாமலை மெல்லிய இரு பூச்சுகளாகப் பூசினோம். தொழிற்சாலையில் பூசியதே அந்தப் பச்சை. எஞ்சினைப் பூட்டி ஓடவிட்டபோது ஒழுக்கில்லை. பாஸ் சொன்ன அந்த ஒரு சொட்டு மாத்திரம் விழுந்தது.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலைச் சான்றிதழ் இல்லாமல் தொழிலிலே பெற்ற அறிவைப் பரீட்சித்துத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பப் படிவமும் அலுவலக மொழியும் கொட்டில்களில் வேலை செய்வோரை எட்டவிடாமல் நிறுத்துகின்றன. படிவம் நிரப்புவது நமக்குக் கைவந்த கலையல்லவா? அந்த இளைஞருக்காக நாம் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். பாஸின் செய்முறைகளையும் அவர் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் ஒழுங்கையிலும் ஒரு கொட்டில் இருக்கும். அங்கே செல்லுங்கள். தொழிற்கல்வியின் மேன்மை பற்றி ஆண்டுதோறும் விழா மேடைகளில் ஆற்றும் உரைகள் வர்ணம் மட்டுமே. ஒழுக்கு வேறிடத்தில் இருக்கிறது.