ரசீது கொடுத்த ராஜாங்கம்

ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில், பிரயாணி எவரும் இறங்கிப் பார்த்தே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாத ஊர்களுள் உலு திராமும் ஒன்று. 2024ஆம் வருஷம் மே மாதம் அவ்வூர்க் காவல் நிலையம் தாக்கப்பட்டு இரண்டு காவலர்கள் உயிரிழந்தபோது, சில நாள் அதன் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. மற்றபடி வரிசை வீடுகளும், பட்டறைகளும், மிச்சமிருக்கும் செம்பனை மரங்களுமாக, நேற்றுவரை தோட்டமாக இருந்தது இன்று நகரமாகிவிட்டதே என்ற கூச்சத்தோடு நிற்பது போன்ற ஊர். நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக அங்கே போனேன். கல்யாணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பந்தியும் நாதஸ்வரமும் எங்கள் ஊரைவிட ஒழுங்காக இருந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மறுநாள் காலை என்னை ஓய்வெடுக்கச் சொல்லி நண்பர் கொண்டுபோய் விட்ட வீட்டின் கூடத்தில், முருகன் படத்துக்கு வலப்புறம், ராணுவ உடையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் நின்றுகொண்டிருந்தார். எங்கள் மதுரைப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் படத்தோடு ஜோடியாகவே பார்த்துப் பழகியவன் ஆதலால், அவ்வீட்டாரின் பூர்வீகத்தையும் உறவுமுறையையும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னரே மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டேன். "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டு வந்த பாட்டியம்மாள், எண்பத்தைந்தைத் தாண்டியவர், தகப்பனார் வட ஆற்காட்டிலிருந்து கங்காணியோடு கப்பலேறி வந்தவர் என்றும், பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஜோகூர்த் தோட்ட லயத்தில் என்றும் சொன்னார். தேவர் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அவித்த மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் வந்தன. காரமும் புளிப்பும் வெல்லச் சுவையும் ஒன்றாகக் கலந்த அந்தச் சம்பலை, காரத்தில் இனிப்பு சேர்வதை அபசாரமாகக் கருதும் என் நாக்கு முதல் கவளத்தில் சந்தேகித்து, மூன்றாவதில் சரணடைந்தது. பாட்டியம்மாள் மட்டும் கிழங்கைத் தொடவில்லை. "ஜப்பான்காரன் காலத்துல மூணரை வருஷம் தின்னது போதும்" என்று தட்டைத் தள்ளிவைத்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைக் காட்டி, அவரை அந்தக் காலத்தைப் பற்றி விசாரித்தேன். சண்டை அங்கேதான் தொடங்கியது.

தினந்தோறும் விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் அவருடைய பேரன் அன்று விடுமுறையில் வீட்டில் இருந்தான். பாட்டி தம்முடைய எட்டு வயதில் பாலசேனையில் சேர்ந்து மூங்கில் கழியைத் தோளில் வைத்துக் கவாத்து பழகியதையும், "நம்ம கவர்மெண்டு" வந்துவிட்டது என்று லயத்தில் பலகாரம் கொடுத்ததையும் சொல்லிக்கொண்டிருக்கையில் அவன் குறுக்கிட்டான்: "பாட்டி, அது ஜப்பான்காரன் ஆட்டிவச்ச பொம்மை. சொந்தமா ஒரு முழம் மண்ணு கிடையாது. அதுக்குப் பேரு கவர்மெண்டா?"

எனக்கும் அபிப்பிராயம் அதுவே. 1943 அக்டோபர் 21ஆம் தேதி சிங்கப்பூரின் கத்தே மண்டபத்தில் போஸ் பிரகடனம் செய்த ஆசாத் ஹிந்த் என்னும் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு, மூன்று நாளுக்குள் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் யுத்தப் பிரகடனம் செய்தது. அதை அங்கீகரித்தவை ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி, பர்மா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், குரோஷியா, மஞ்சுகுவோ, நான்கிங்கிலிருந்த சீன அரசு என ஒன்பது. இவற்றுள் பாதிக்குமேல் தாமே பிறர் தயவில் நின்றவை; அங்கீகாரம் கொடுத்தவருக்கே அங்கீகாரம் தேவைப்பட்ட நிலைமை. நிலம் என்று பெயருக்குக் கிடைத்தது அந்தமான். அவ்வருஷக் கடைசியில் போர்ட் பிளேரில் போஸ் கொடியேற்றி, தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயரிட்டார். பிறகு அங்கே தலைமைக் கமிஷனராகப் போய்ச் சேர்ந்த லோகநாதன் என்னும் தமிழ் ராணுவ மருத்துவரிடம் ஜப்பானியர் நிஜமாக ஒப்படைத்தது கல்வி இலாகா ஒன்றைத்தான். போலீஸ் இலாகாவை அவர்கள் விடவேயில்லை. பெர்லினில் அச்சாகிய ஆசாத் ஹிந்த் தபால் தலைகள் எந்தக் கடிதத்தின் மீதும் ஏறிப் பிரயாணம் செய்ததில்லை. இவையெல்லாம் பேரனுக்கு அனுகூலமான சாட்சியங்கள். நானும் விருந்தாளி என்ற முறையை மறந்து அவற்றை எடுத்துரைத்தேன்.

பாட்டியம்மாள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்றெண்ணினேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"மண்ணு இல்லதான். ரசீது இருந்துச்சில்ல? எங்கப்பா ரெண்டு வெள்ளி கொடுத்தாரு. பேரெழுதி, கையெழுத்துப் போட்டு, இந்திய சுதந்திர லீக்குல ரசீது கொடுத்தாங்க. தொரை கொடுத்தானா? கங்காணி கொடுத்தானா? அதுக்கு முன்னால பெரட்டுல ஆளெண்ணும்போது நம்பரச் சொல்லித்தான் எங்கப்பாவக் கூப்பிடுவாங்க. இவங்க எங்க தாத்தா பேரையும் கேட்டு எழுதிக்கிட்டாங்களாம். அதச் சொல்லிச் சொல்லி அழுவாரு தம்பி."

சர்வதேசச் சட்டம் படித்தவர்கள், 1933இல் மாண்டிவிடியோவில் ஏற்பட்ட உடன்படிக்கையை எடுத்துக்காட்டி, நிலையான ஜனங்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற ராஜ்யங்களோடு உறவு கொள்ளும் சக்தி ஆகிய நான்கும் அமைந்தால்தான் ராஜ்யம் என்பார்கள்; அந்த நான்கில் எதிலும் ரசீது வரவில்லை. ஆயினும் உலகத்தார் ஒப்புக்கொள்ளாத ராஜ்யங்களில் ஜனங்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று பார்த்தால், அவர்களுடைய அன்றாடக் கவலை கொடியும் கீதமும் அல்ல, காகிதமே என்று தெரிகிறது. வட சைப்ரஸில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுகிறவர், துருக்கியிலுள்ள மெர்சின் துறைமுகத்தின் பெயரை விலாசத்தில் சேர்த்தாக வேண்டும். அந்த நாட்டின் பெயர் உலகத் தபாலில் செல்லாது. நம்மவர் மத்தியிலேயே, 2002ஆம் வருஷத்துப் போர்நிறுத்தத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் புலிகள் நீதிமன்றமும் காவல்துறையும் தமிழீழ வைப்பகமும் பகிரங்கமாக நடத்திய நாட்களில், அந்த வன்னியின் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொழும்பு சர்க்காரிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வழக்கு ஓர் அரசிடம், மாதச் சம்பளம் எதிர் அரசிடம் என்ற இந்த விசித்திரத்தை, போரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்கூட ஒரு வரியில் கடந்துபோனது எனக்கு என்றும் வியப்பு.

அந்த வரிசையிலே வைத்துப் பார்க்கும்போது, மலேயாவில் அந்தத் தற்காலிக அரசு செய்த காரியங்கள் வேஷம் என்று தள்ளக்கூடியவை அல்ல. இந்திய சுதந்திர லீகின் கிளைகள் விசுவாசப் பிரமாணத்தில் கையொப்பம் வாங்கின. ஐசுவரியவான்களின் சொத்தை மதிப்பிட்டு அதில் ஒரு பங்கை வசூலித்தன. மனமுவந்து கொடாதவரை மிரட்டியும் வாங்கின. 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி திறக்கப்பட்டது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டுச் செட்டியார் கோயிலுக்கு அழைக்கப்பட்ட போஸ், எல்லா மதத்தாரையும் எல்லா ஜாதியாரையும் அனுமதித்தாலன்றி வரமாட்டேன் என்று சொல்லி, முஸ்லிம் அதிகாரிகள் உடன்வர உள்ளே போனார். பாட்டியம்மாளின் அண்ணன் அந்த அரசின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த பிறகு அனுப்பிய தகவலில், அங்கே எல்லோருக்கும் ஒரே அடுப்பு என்பதைத்தான் முதலில் சொல்லியிருந்தானாம். ரப்பர் பால் எடுத்த பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்ததை நம்மூர்க்காரர்கள் புகழ்ந்து பேசுவோம்; அடுப்பைப் பற்றிப் பேசமாட்டோம், அது நம்முடைய ஊரைத் தொட்டுவிடும்.

பேரன் விடவில்லை. "அப்படியானா உங்க சித்தப்பாவ ஏன் சயாமுக்கு விட்டாங்க?" என்றான்.

இக்கேள்விக்குப் பிறகு கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர் தொகை இன்றும் விவாதத்துக்குரியது. அந்தப் பாதையின் இரு முனைகளும் ஒன்று சேர்ந்தது 1943 அக்டோபர் 17ஆம் தேதி. அரசாங்கப் பிரகடனத்துக்கு நான்கே நாள் முன்பு. ஆகவே தேதிக் கணக்கின்படி அரசைக் குற்றவாளியாக்குவது சுலபமல்ல. ஆனால் லீக் அதற்கு வெகுமுன்பே இருந்தது. பாதை முடிந்த பின்னும் அதைச் செப்பனிடக் கூலிகள் தேவைப்பட்டார்கள். தன் பிரஜை என்று பெயரெழுதிக்கொண்ட மனிதனைத் தன் நேசனிடமிருந்து காப்பாற்ற வலிமையற்ற அரசு அது. இதை மறைத்து எழுதும் தேசபக்தி நூல்களை நான் மதிப்பதில்லை. பாட்டியம்மாளும் மறைக்கவில்லை. "தடுக்கல. தடுக்க முடியல. சித்தப்பா வரவே இல்ல" என்றார். படம் மட்டும் ஏன் சுவரில் இருக்கிறது என்று பேரன் கேட்கவில்லை; நானும் கேட்கத் துணியவில்லை.

1945 செப்டம்பரில் வெள்ளைக்காரர் திரும்பினார்கள். சிங்கப்பூர்க் கடற்கரையில் ஐ.என்.ஏ. வீரர்களுக்காக எழுப்பப்பட்டிருந்த நினைவுத் தூணை வெடிவைத்துத் தகர்த்தார்கள். செய்தி தோட்டத்துக்கு எட்டிய அன்றிரவே, பாட்டியம்மாளின் தாயார் பிரமாணச் சீட்டையும் ரசீதையும் அடுப்பில் போட்டுவிட்டார். தகப்பனார் பல நாள் மனைவியோடு பேசவில்லையாம். 1948இல் அவசர காலம் பிறந்து மலேயா முழுவதும் அடையாள அட்டை வந்தது. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்தது. பிரஜா உரிமைக்கு மனுச் செய்யத் தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தகப்பனார் கைக்கு வந்தது நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டை. 1969இல், பிரஜை அல்லாதவர் வேலைக்குத் தனி அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்து, ஏறத்தாழ அறுபதாயிரம் தோட்டத் தமிழர்கள் 'ரஜூலா' முதலிய கப்பல்களில் மூட்டை முடிச்சோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பியபோது, பாட்டியம்மாளின் பெரியம்மா குடும்பமும் போயிற்று. தகப்பனார் போக மறுத்து, சிவப்பு அட்டையோடேயே காலமானார்.

அதன் பிறகு நான் பேரன் பக்கம் பேசவில்லை. அந்தத் தகப்பனாரின் வாழ்நாளில் அவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பிரஜை என்று ஏட்டில் எழுதிக்கொண்ட ராஜாங்கம் ஒன்றுதான். அதற்கு நிலம் இல்லை, ஆயுளும் இரண்டு வருஷத்துக்கு எட்டவில்லை. என்னைக் கேட்டால் அது அரசாங்கம்தான். நல்ல அரசாங்கமா என்பது வேறு வழக்கு. உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ராஜ்யம் ஒன்றில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தும், பிரஜை என்ற பெயர் கிடைக்காத முதியவர்கள் தமிழர் மத்தியில் இன்னும் இருக்கிறார்கள். சிவப்பு அட்டைக்காரருக்கு மலேசியாவில் இன்றும் வாக்குரிமை கிடையாது.