பாய்மரப் படகுக்கும் சன்னல் பலகை

லங்காவிக்குப் போகிறவர்கள் குவா துறையில் இறங்கியதும் என்ன செய்வார்கள்? 12 மீட்டர் உயரக் கழுகுச் சிலையின் முன் நின்று படம் பிடிப்பார்கள். பிறகு வரியில்லாக் கடைகளுக்கு ஓடுவார்கள். அடுத்த முறை நீங்கள் போனால், துறைக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகுகளையும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போயிருந்தேன். ஒரு படகில் நரைத்த தலை வெள்ளைக்காரர் ஒருவர் சன்னல்களின் மேல் பலகை வைத்து முடுக்கிக்கொண்டிருந்தார்.

“புயலே இல்லையே, அப்பா! எதற்குப் பலகை?” என்றான் என் மகன்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவரிடமே கேட்டேன். இந்தியப் பெருங்கடலைக் கடந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறாராம். “புயல் வந்த பிறகு மேலே ஏறி இதைச் செய்ய முடியாது” என்றார்.

சன்னலை உடைப்பது காற்று அல்ல, தண்ணீர். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. பேரலை படகைத் தூக்கிப் பக்கவாட்டில் எறியும்போது, அலை அடித்த பக்கத்தைவிட, படகு போய் விழுகிற மறுபக்கத்துச் சன்னலே பல வேளைகளில் நொறுங்கிப் போகிறதாம். அந்த வேகத்தில் தண்ணீர் சிமெண்டுத் தரைபோல் இருக்கும்.

அவருடைய பலகையைத் தொட்டுப் பார்த்தோம். ஒட்டுப்பலகை, சன்னலைவிட நாலு பக்கமும் அகலம். வெளியிலிருந்து பொருத்துவதால், அலை அடித்தால் சட்டத்தோடுதான் அழுந்தும், உள்ளே விழாது. ஓரத்தில் ரப்பர் பட்டை. உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்து, போல்ட்டு நட்டுப் போட்டு இறுக்கியிருந்தார். ஒவ்வொரு பலகைக்கும் எண் எழுதியிருந்தது. இருட்டிலும் தடுமாற வேண்டாம் அல்லவா? வெளிச்சம் வேண்டுமென்றால் உடையாத பிளாஸ்டிக் தகட்டிலும் செய்யலாமாம்.

‘ட்ஸூ ஹாங்’ என்ற படகின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 46 அடி நீளம். மைல்ஸ் ஸ்மீட்டன், அவர் மனைவி பெரில், நண்பர் ஜான் கஸ்வெல் மூவரும் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையை நோக்கிப் போனார்கள். 1957 பிப்ரவரி 14-ஆம் நாள் ஒரு பேரலை படகைத் தலைகுப்புறக் கவிழ்த்தது. சுக்கான் பிடித்திருந்த பெரில் கடலில் வீசப்பட்டார். இரண்டு பாய்மரங்களும் போயின. சன்னல் வைத்த மேலறை பிய்ந்துபோய், சுமார் 6 அடிச் சதுரத்துக்கு மேல்தளம் வாய் பிளந்தது. பெரில் காயத்தோடு நீந்தி வந்தார். வாளி வாளியாக இறைத்தார்கள். தச்சுவேலை தெரிந்த கஸ்வெல், உள்ளே கிடைத்த பலகைகளாலும் பாய்த்துணியாலும் அந்த ஓட்டையை மூடினார். ஒரு மாதத்துக்கு மேல் தட்டுத்தடுமாறி, சில்லி நாட்டின் கொரோனெல் துறையில் கரையேறினார்கள். அந்த மூடி இல்லாவிட்டால் மூவரும் இல்லை.

நம் அஸார் மன்சோரும் 1999-இல் இதே லங்காவியிலிருந்து புறப்பட்டுத் தனியாக உலகைச் சுற்றி வந்தவர்தான். அவருக்கும் வழியில் பாய்மரம் முறிந்தது.

இதையெல்லாம் கேட்டு நிற்கும்போது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு மழை இரவில் எங்கள் லயத்துச் சன்னல் கதவைக் காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. கீல் ஆடுகிறது என்று அம்மா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அந்தக் காற்றிலேயே பலகை அடிக்க வெளியே போனார். பறந்து வந்த தகரம் கையைக் கிழித்தது. ஒரு மாதம் பால்வெட்டு இல்லை; சம்பளமும் இல்லை. அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைத்தார்.

லயமானாலும் சரி, தாமான் வீடானாலும் சரி, உங்கள் சன்னல் கீலை இன்றே ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அந்த மாலுமி பலகையை அறுத்தது கடலில் அல்ல. அலையில்லாத துறையில், நல்ல வெயிலில்!