வேஷம் கலைஞ்ச பிறகு என்ன பண்றது பாஸ்?

உங்க காலேஜ்லயும் ஒருத்தன் இருப்பான். ஃப்ரெஷர்ஸ் டே மைம்ல ஆரம்பிச்சு ஃபேர்வெல் ஸ்கிட் வரைக்கும் எல்லா மேடையிலயும் அவன்தான். வைவாவுல வாயே திறக்காத ஆசாமி, மைக்கைப் பார்த்தா பொளந்து கட்டுவான். லெக்சரர் மாதிரியே பேசி, அந்த லெக்சரரையே சிரிக்க வைப்பான். 'மச்சி, நீயெல்லாம் சினிமாவுல இருக்க வேண்டிய ஆளு'னு நாமளும் நம்ம பங்குக்கு உசுப்பேத்தி விட்டிருப்போம்.

எங்க ஒதியம்பட்டு செட்லயும் அப்படி ஒருத்தன் உண்டு. பாண்டிச்சேரிக்காரங்களுக்கு ஷூட்டிங் ஒண்ணும் புதுசு இல்லை. கூட்டத்துல தலை காட்டுறதுக்கு எங்க பசங்க நிறைய பேர் போயிருக்காங்க. ஆனா, இவனுக்கு நாலு வரி வசனம் கிடைச்சுது! ஹீரோவுக்கு வழி சொல்ற ஆட்டோ டிரைவர் கேரக்டர். ரெண்டு நாள் ஷூட்டிங். அப்புறம் டப்பிங்குக்காக சென்னைக்குப் போயிட்டு வந்தான். படம் ரிலீஸான அன்னிக்கு வேன் பிடிச்சு, அவன் ஆயாவையும் ஏத்திக்கிட்டு, தெருவே பாண்டி தியேட்டருக்குக் கிளம்பிச்சு. இன்டர்வெல் வந்துச்சு, கிளைமாக்ஸ் வந்துச்சு, லைட்டும் போட்டுட்டாங்க. 'நீ எப்படா வருவ?'னு ஆயா கேட்டாங்க. எடிட்டிங்ல அந்த சீனே போயிருந்தது. ஒரு போன் பண்ணி முன்னாடியே சொல்லணும்னு அங்கே யாருக்கும் தோணலை போல.

அதோட சரி. இந்த வருஷக் கல்ச்சுரல்ஸுக்கு அவன் பேரே குடுக்கலை. தெருவுல வாண்டுங்க, 'அண்ணே, ஆட்டோ வருமா?'னு கேட்டுட்டு ஓடுதுங்க.

ஆறுதல் சொல்ல நம்மகிட்ட ரெடிமேடா இருக்குறது விக்ரம் கதைதானே? அதைத்தான் நாங்களும் எடுத்து விட்டோம். காலேஜ் நாள்ல நடந்த பைக் ஆக்ஸிடென்ட், காலையே எடுக்கணும்கற நிலைமை, வரிசையா ஆபரேஷன்கள். 1990-ல 'என் காதல் கண்மணி', அப்புறம் எதிர்பார்த்தபடி ஓடாத படங்கள். நடுவுல 'அமராவதி'யில அஜித்துக்கும் 'காதலன்'ல பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்து ஓட்டினது. கடைசியா, 1999 டிசம்பர்ல 'சேது'. ஒரு சீன் விடாம சொன்னோம். பொறுமையா கேட்டுட்டு அவன் சொன்னான்: 'அவர் ஜெயிச்சாரு, அதனால கதை ஆச்சு. திரும்பி வராதவங்க கதையை எவன்டா சொல்றான்?'

நியாயமான கேள்வி பாஸ். எனக்கு அன்னிக்கு பதில் தெரியலை. பதில், பாண்டிச்சேரி கருவடிக்குப்பத்துலயே இருந்துச்சு. வில்லியனூர் போய் டவுன் பஸ் ஏறினா எட்டிடற தூரம்தான்.

அங்கே இருக்குறது சங்கரதாஸ் சுவாமிகள் நினைவிடம். 'தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்'னு பட்டம் சொல்வாங்க. 2019 நடிகர் சங்கத் தேர்தல்ல ஒரு அணியே அவர் பேர்லதான் நின்னுச்சு. பேரை எல்லாருக்கும் தெரியும். ஆனா, அவர் முதல்ல ஒரு நடிகர்ங்கறதும், அந்த நடிப்பை அவர் எப்படி விட்டார்ங்கறதும் நிறைய பேருக்குத் தெரியாது.

1867-ல தூத்துக்குடி பக்கம் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில கணக்கர் வேலை. நம்ம பாஷையில சொன்னா, கேம்பஸ்ல கிடைச்ச செட்டில் ஆன வேலை! அதை உதறிட்டு 24 வயசுல நாடகத்துக்கு வந்தார். எமன், ராவணன், இரணியன், சனீஸ்வரன்னு மிரட்டுற வேஷங்கள்தான் அவர் ஏரியா. மைக் இல்லாத காலம், விடிய விடிய நாடகம். கடைசி வரிசையில இருக்குறவனுக்கும் கேக்குற மாதிரி கர்ஜிக்கணும்.

'சத்தியவான் சாவித்திரி'யில எமனா வந்து அவர் போட்ட சத்தத்துல, கூட்டத்துல இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைஞ்சு போச்சாம். இன்னொரு தடவை சனீஸ்வரன் வேஷம். நாடகம் முடிஞ்சு, விடியக்காலையில வேஷத்தைக் கலைக்க நீர்த்துறைக்குப் போயிருக்கார். துணி துவைக்க வந்த ஒரு பெண், அந்த அரை இருட்டுல அவரைப் பார்த்து அலறி விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லைன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் அவர் வேஷம் கட்டுறதையே விட்டுட்டார்.

இந்தச் சம்பவங்களை அவர் நடிப்புக்குக் கிடைச்ச சர்டிஃபிகேட் மாதிரி பெருமையா எழுதுறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. போனது ஒரு உயிர். அதை அவரும் பெருமையா எடுத்துக்கலைங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது. இன்னொண்ணையும் யோசிச்சுப் பாருங்க. நடிப்பு சரியில்லைன்னு ஒதுக்கப்பட்டா, இன்னும் நல்லா பண்ணிக் காட்டலாம். அவருக்கு வந்த பிரச்னையோ, அவர் நல்லா நடிச்சதுதான். இதுக்கு எந்தப் பயிற்சி எடுத்துட்டுத் திரும்பி வர்றது?

அவர் நடிகரா திரும்பி வரலை. கொஞ்ச காலம் துறவி மாதிரி கோயில் கோயிலா சுத்தினார். புதுக்கோட்டையில கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளைகிட்ட மகன் மாதிரி இருந்தார். அப்புறம் மேடைக்குப் பின்னாடி போய் உட்கார்ந்தார்... வாத்தியாரா! வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன்னு நாற்பதுக்கும் மேலே நாடகங்கள் எழுதினார்.

அங்கேயும் நிம்மதி இல்லை. பெரிய நடிகர்கள் எழுதின வசனத்தை விட்டுட்டு இஷ்டத்துக்குப் பேசினாங்க, சொன்ன பேச்சைக் கேக்கலை. சரி, சின்னப் பசங்களை வெச்சுப் பண்ணுவோம்னு பாய்ஸ் கம்பெனிப் பக்கம் திரும்பினார். 1910-ல் சமரச சன்மார்க்க சபை. எஸ்.ஜி.கிட்டப்பா அங்கே தயாரானவர். 1918-ல் மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அதுலதான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தாங்க. சிறுவன் சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில உட்கார்ந்து எழுதி முடிச்சார் சுவாமிகள். நாம அசைன்மென்ட் முடிக்கிற ஸ்பீடுதான், ஆனா அவர் எதையும் பார்த்துக் காப்பி அடிக்கலை!

இதெல்லாம் நண்பன்கிட்ட சொல்லிட்டு வந்தப்போ, பாய்ஸ் கம்பெனி மேட்டர்ல மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். 'பசங்களுக்கு வயசானா என்ன பண்ணுவாங்க?'னு கேட்டான்.

அதுக்கு நாடகக்காரங்க பாஷையில ஒரு வார்த்தையே இருக்கு: மகரக்கட்டு. பதின்மூணு, பதினாலு வயசுல தொண்டை உடையுற பருவம். நேத்து வரைக்கும் தேனா பாடின பையன் இன்னிக்கு வாயைத் திறந்தா தகர டப்பா சத்தம். பாட்டுதான் நாடகம்னு இருந்த காலத்துல அது வேலை போற மாதிரி. யார் தப்பும் இல்லை, முன்கூட்டியே நோட்டீஸும் கிடையாது. சிலர் ஊருக்கே திரும்பிட்டாங்க. சிலர் ஹார்மோனியம், மிருதங்கம்னு பக்கவாத்தியத்துக்குப் போனாங்க. சிலர் வேற வேஷத்துக்கு மாறினாங்க. சிவாஜி கணேசன்கூட பாய்ஸ் கம்பெனியில ஸ்திரீபார்ட் போட்டுட்டு அப்புறம் ஆண் வேஷத்துக்கு வந்தவர்தான்.

'அப்போ எடிட்டிங்ல போனது எனக்கு வந்த மகரக்கட்டு'ன்னான். மூணு மாசத்துக்கு அப்புறம் அவன் அடிச்ச முதல் ஜோக். சுமார்தான், இருந்தாலும் சிரிச்சு வெச்சேன்.

சுவாமிகளுக்கு அதுக்கப்புறமும் ஒரு அடி பாக்கி இருந்துச்சு. 1921-ல பக்கவாதம். கை, கால் முடங்கி, பேச்சும் போயிடுச்சு. எமனா கர்ஜிச்ச குரல், நூத்துக்கணக்கான பசங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த குரல்... ஒரு வார்த்தை வெளிய வரலை. அடுத்த வருஷம், 1922 நவம்பர் 13-ம் தேதி பாண்டிச்சேரியில காலமானார். அப்போ இது பிரெஞ்சு பூமி. இதுக்கு மேல நான் சினிமாத்தனமா எதையும் சேர்க்க முடியாது. அவர் எழுந்து நடக்கலை.

அன்னிக்கு சண்முகத்துக்குப் பத்து வயசு. அந்தப் பையன் வளர்ந்து, ஔவையார் நாடகத்துல கிழவி வேஷம் போட்டு, 'அவ்வை சண்முகம்'னே பேர் வாங்கினார். 'எனது நாடக வாழ்க்கை'ன்னு சுயசரிதை எழுதினார். சுவாமிகளைப் பத்தி நமக்கு நிறைய தெரியறதுக்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம்.

1960-ல 'களத்தூர் கண்ணம்மா'வுல நடிச்ச குழந்தை நட்சத்திரம் ஒருத்தர் இருந்தார். வளர்ந்ததும் குழந்தை வேஷமும் இல்லை, ஹீரோ ஆகுற வயசும் இல்லைன்னு நடுவுல மாட்டினார். அதுவும் ஒரு வகை மகரக்கட்டுதான். அந்தப் பையன் போய்ச் சேர்ந்தது சண்முகத்தோட டி.கே.எஸ். நாடக சபாவுல. அப்புறம் தங்கப்பன் மாஸ்டர்கிட்ட டான்ஸ் அசிஸ்டென்ட்டா இருந்தார். 1996-ல் தன்னோட ஒரு படத்துக்கு 'அவ்வை சண்முகி'ன்னு பேர் வெச்சார். ஆமா, கமல்தான்!

ஒவ்வொரு வருஷமும் நினைவு நாள்ல நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்துக்கு வந்து மாலை போடுவாங்க. வர்ற நவம்பர் 13 அன்னிக்கு எங்க செட் போறதா பிளான். பாண்டி, கடலூர், விழுப்புரம் பக்கம் படிக்கிறவங்க லேப் இல்லேன்னா வாங்க. பேசலாம்.