கத்தரிப்பூக் கலரு

பொங்கலுக்குப் பொங்கல் எங்க வீட்டுக்குச் சுண்ணாம்புதான். கல்லை ஊறவைத்து, வேட்டிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கலந்து அம்மாவே அடிக்கும். இந்த வருஷம் அருப்புக்கோட்டையில் கத்தரிப்பூக் கலர் பெயிண்ட் வாங்கி, திருச்சுழி ரோட்டைப் பார்த்த சுவரில் அடித்தேன். ஊர்த்தெருக்காரர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி, “என்னப்பா, காலனியில அரமனை கட்டிட்டீகளோ?” என்றார். சிரித்துக்கொண்டுதான்.

அந்தச் சிரிப்புக்கு வயசு அதிகம். எங்க ஊரெல்லாம் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த காலம். 1930 டிசம்பரில் அந்த ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஜே.எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வெளியே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தது.

“ஒரு கோட்டு பத்தாதுடா. நம்ம வெயிலுக்கு வெளுத்துரும். இன்னொண்ணு அடி.”