தம்போராவைக் கற்பித்தல்

எரிமலையைக் கற்பிக்கப் புகும் ஆசிரியருக்கு முதல் இடையூறாய் நிற்பது எரிமலையின் கவர்ச்சியே. செந்தீக் குழம்பையும் கரும்புகைத் தூணையும் படத்திற் கண்டுவந்த மாணவன், வெடிப்பு எவ்வளவு பெரிதோ விளைவும் அவ்வளவு பெரிது என்று முன்னரே முடிவுகட்டியிருப்பான். அவ்வெண்ணத்தைக் கலைப்பதிலேதான் பாடம் தொடங்கவேண்டும்.

1980 இல் அமெரிக்காவின் சென் எலன்ஸ் மலை தன் வடசரிவு பிளக்க வெடித்தது. அக்காட்சி உலகெங்கும் பேசப்பட்டது. உலகின் வெப்பநிலையோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. இரண்டாண்டுகளின் பின் மெக்சிக்கோவில், அதுவரை பலரும் கேள்விப்பட்டிராத எல் சிச்சோன் வெடித்தது. அது வானுக்கு அனுப்பிய கந்தகவீரொட்சைட்டு முன்னையதிலும் பன்மடங்கு அதிகம். வேற்றுமை அங்கேதான் உளது. சாம்பலின் பெரும்பகுதி நாட்களிலும் வாரங்களிலும் நிலத்தில் வீழ்ந்துவிடும். கந்தகவாயுவோ படைமண்டலத்தை அடைந்து, நீராவியுடன் கூடிச் சல்பூரிக்கமில நுண்துளிகளாகின்றது. அவ்வுயரத்தில் அவற்றைக் கழுவிச் செல்ல மழை இல்லை. ஓரிரு ஆண்டுகள் மிதந்து ஞாயிற்றொளியின் ஒரு பகுதியை அவை திருப்பி அனுப்புகின்றன. 1991 இல் பிலிப்பைன்சின் பினாற்றுபோ ஏறத்தாழ 15 முதல் 20 மில்லியன் தொன் கந்தகவீரொட்சைட்டை வெளியேற்றியது. மறுவருடம் உலகச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய அரைப் பாகை செல்சியசு தாழ்ந்தது.

இவ்வளவும் விளங்கிய பின்னரே தம்போராவுக்கு வருதல் தகும். இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள அம்மலை 1815 ஏப்ரல் 5 ஆந் திகதி மாலை முழங்கியபோது, யாவாவிலிருந்தோர் அதனைப் பீரங்கி வெடியென்றே கருதினர். யோக்யகர்த்தாவிலிருந்து படையொன்று புறப்பட்டது. கடலில் இடருற்ற கப்பலைத் தேடிப் படகுகள் சென்றன. பெருவெடிப்பு ஏப்ரல் 10 இல் நிகழ்ந்தது. 4000 மீற்றருக்கு மேல் உயர்ந்திருந்ததாகக் கணிக்கப்படும் மலை, ஏறத்தாழ 2850 மீற்றராகக் குறுகியது. 1816 யூன் மாதத்தில் அமெரிக்காவின் வடகிழக்கில் பனி பெய்தது. மேற்கைரோப்பாவில் ஓயாத மழையில் பயிர் அழுகிற்று. சுவிற்சர்லாந்தில் மக்கள் பசியால் வாடினர். இவற்றின் காரணம் கீழைக் கடலில் வெடித்த ஒரு மலை என்பதை அன்று அவர்கள் அறியார். அத்தொடர்பு தெளிவுபெற்றது இருபதாம் நூற்றாண்டிலேதான். ஆகவே விடையை முதலிற் கூறிவிடாது, காரணம் தெரியாத அக்குளிரில் மாணவரைச் சற்றே நிறுத்திவைப்பது நன்று. மேரி செல்லியின் அரக்கன் கதையும் துவிச்சக்கரவண்டியின் மூதாதையும் தம்போராவின் பிள்ளைகளே என்பது வகுப்பிற்குச் சுவையூட்டும். ஆயின் துவிச்சக்கரவண்டியைப் பொறுத்தவரை சான்று அத்துணை உறுதியன்று. 1815 இற்கு முந்திய சில ஆண்டுகளும் குளிர்ந்தனவே என்பதையும் மறைத்தலாகாது.

இதற்கும் மேலாக ஒரு குறை உண்டு. பெரும்பாலான பாடங்கள் மலை வெடித்த மறுகணமே ஐரோப்பாவுக்குக் கப்பலேறிவிடுகின்றன. சும்பாவாவும் அயற்றீவான உலொம்பொக்கும் சாம்பலில் மூடுண்டு, விளைநிலமும் குடிநீரும் கெட, வெடிப்பிற் தப்பியோர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தமை ஒரு வரியில் முடிகின்றது. மலையடியில் தம்போரா என்னும் பெயரிலேயே ஒரு சிற்றரசு இருந்தது. அதனோடு அதன் மொழியும் அழிந்தது. யாவாவின் ஆங்கிலத் துணையாளுநராயிருந்த ராபிள்ஸ் 1817 இல் வெளியிட்ட நூலில் அம்மொழிச் சொற்கள் ஐம்பதிற்குங் குறைவாக அச்சேறியுள்ளன; அம்மொழியில் எஞ்சியவை அவையே. அயல்மொழிகளோடு அவை ஒத்துவராமை கண்ட மொழியியலாளர், அது பப்புவா மொழிகளைச் சார்ந்ததாகலாம் என்பர். பாகைக்கும் தொன்னுக்கும் பழகிய புவியியல் வினாத்தாளில் இதற்கு எந்தத் தலைப்பின்கீழ்ப் புள்ளி வழங்குவது? சுற்றாடல் விளைவென்றால் ஒரு மொழி எழுந்த வாய்கள் மூடுண்டதும் அதனுள் அடங்கவேண்டுமல்லவா?

2004 இல் அச்சாம்பற் படைகளின் கீழே அகழ்ந்தோர் கரிந்த வீடொன்றையும், அதனுள் இருவரின் எச்சங்களையும், மட்கலங்களையும் கண்டனர். இன்று அச்சரிவுகளில் கோப்பி விளைகின்றது. அங்கு வாழ்வோர் பேசுவன வேறு மொழிகள்.