சேர்வராயன் மலையில் மூன்று நாட்கள்

(இறுதியாண்டு இளங்கலை வரலாற்று மாணவர் ஒருவர் எழுதியது)

ஏட்டில் கற்பது ஒரு கல்வி என்றால், காலால் நடந்து கற்பது மற்றொரு கல்வி. சேலத்தில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றோர்க்கு ஏற்காடு புதிய ஊர் அன்று. வீட்டிற்கு உறவினர் வந்தால் ஏற்காடு; தேர்வு முடிந்தால் ஏற்காடு. பேருந்தில் அமர்ந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே மேலேறுவோம். ஏரியில் படகு விடுவோம். ‘லேடீஸ் சீட்’டில் நின்று, கீழே சேலம் நகரின் விளக்குகள் ஒவ்வொன்றாய் மினுக்குவதைக் கண்டு களிப்போம். ஒரு பொட்டலம் காப்பித்தூளும் மிளகும் வாங்கிக்கொண்டு கடைசிப் பேருந்தில் இறங்கிவிடுவோம். ‘ஏழைகளின் ஊட்டி’யைப் பார்த்தாயிற்று என்ற மனநிறைவோடு உறங்குவோம்.

சென்ற மார்கழியில் எங்கள் பேராசிரியர்கள் இருவர் தலைமையில், மாணவர்கள் பதினெண்மர், வனத்துறையின் அனுமதி பெற்று, அதே மலையில் மூன்று நாட்கள் நடந்தோம். புறப்படும் முன் நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் ஆல்ப்ஸ் மலைப் பயணப் படங்களைக் காட்டினார். வெண்பனிச் சிகரங்கள், வண்ண வண்ண உடைகள், இடுப்பில் கயிறு, முன்னே ஒரு வழிகாட்டி. “இது மலையேற்றம்! நாம் போவது உலாவல்” என்று கேலி செய்தார். ஆல்ப்சின் மோண்ட் பிளாங்க் சிகரம் 4,800 மீட்டருக்கும் உயர்ந்தது. நம் சேர்வராயன் 1,623 மீட்டர்தான். ஆயினும் இரண்டிற்கும் பொதுவான ஒன்று உண்டு என்பதை மூன்றாம் நாள் கண்டோம்.

முதல் நாள்

கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்தில் காலை ஏழு மணிக்குக் கூடினோம். அங்கே இருவர் காத்திருந்தனர். ஒருவர் அறுபதை நெருங்கும் பெரியவர். தோளில் துண்டு, கையில் மூங்கில் கோல், காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. மற்றவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர். வழிகாட்டியாகப் பயிற்சி பெற்றவர். “இவர் எனக்குப் பெரியப்பா முறை ஆகணும்” என்று பெரியவரை அறிமுகப்படுத்தினார்.

இருவரும் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிடலாகாது. இவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்பதே பெயர்ப்பொருள் என்பர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பியர் மூவருள் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சை மலையிலும், சின்னண்ணன் கொல்லி மலையிலும் குடியேறினர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் கதை. பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதி அவர்கள் வாழும் இம்மலையிலுள்ள ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

பெரியவர் எங்களை வரிசையாக நிறுத்தினார். கோலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். “இருபது” என்று இளைஞரிடம் சொன்னார். “இருபது” என்று அவரும் திருப்பிச் சொன்னார். பிறகு பெரியவர் செய்த காரியம் எங்களுக்கு வியப்பளித்தது. பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் நண்பர் ஒருவரை அழைத்துத் தமக்கு அடுத்து நிற்கச் செய்தார். ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவர்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். “மெதுவா நடக்கிறவர் பின்னால போனா, அவரை விட்டுட்டுப் போயிடுவீங்க தம்பி. முன்னால நடந்தா எல்லாரும் ஒண்ணா போவோம்” என்றார். இளைஞர் எல்லார்க்கும் பின்னே வந்தார். அரைமணிக்கு ஒருமுறை நின்றபோதெல்லாம் மீண்டும் எண்ணிக்கை நடந்தது. வளைவுகளை எண்ணியே பழகிய எங்களுக்குத் தலைகளை எண்ணும் வழக்கம் வேடிக்கையாக இருந்தது.

முதலில் முட்புதர்க்காடு, பின்னர் மூங்கில், ஏற ஏறக் காற்றில் குளிர்ச்சி. பாதை நெடுகக் கறுத்த, நீலம் பாய்ந்த கடும்பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஒட்டி இதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார்கள் என்றும், சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளும் இதே இனக் கல் என்றும் பேராசிரியர் விளக்கினார். பெரியவர்க்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் எந்தப் பாறை ஈரத்தில் வழுக்கும், எது வழுக்காது என்று அவர் கோலால் தட்டிக் காட்டினார். அறிவு இரண்டு வகை என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

குண்டூரைக் கடந்து, காப்பித் தோட்டங்களுக்கிடையே நடந்து, மாலையில் ஏற்காடு சேர்ந்தோம். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக்கொடிகளின் அடியில், கூடை கட்டிய பெண்கள் சிவந்த பழங்களை மட்டும் தேர்ந்து பறித்துக்கொண்டிருந்தனர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு.

இருட்டும் முன் ஹோலி டிரினிடி தேவாலயத்திற்குச் சென்றோம். வரலாற்று மாணவர்க்கு அது ஒரு திருத்தலம் என்றே சொல்லலாம். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் வரலாற்றுக்கு முந்தைய மனிதனை உலகிற்கு அறிவித்த இராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் வாழ்ந்த ஊர் ஏற்காடு. 1912இல் கல்கத்தாவில் மறைந்த அவரது சாம்பல் இங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. ‘தினவர்த்தமானி’ இதழைத் தொடங்கிய பெர்சிவல் பாதிரியார் அவருடைய மாமனார். அவரும் 1882இல் ஏற்காட்டிலேயே காலமானார். எத்தனை முறை இந்த ஊருக்கு வந்திருப்போம்! ஒருமுறையாவது இங்கே எட்டிப் பார்த்தவர் எங்களுள் ஒருவரும் இல்லை.

இரண்டாம் நாள்

விடியலில் மலை முழுவதும் பனிமூட்டம். ஏரியின் மேல் பஞ்சு பரப்பியது போன்ற காட்சி. சேர்வராயன் கோயிலை நோக்கி நடந்தோம். தார்ச்சாலை இருந்தும் பெரியவர் எங்களைத் தோட்டங்களின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதையில் அழைத்துச் சென்றார். உச்சியில் மரமின்றிப் பரந்து கிடக்கும் புல்வெளி. அதன் ஓரத்தில் குகைக்கோயில். குனிந்தே உள்ளே செல்ல வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே எழுந்தருளியுள்ளனர். மே மாதத் திருவிழாவில் சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் எல்லாம் இங்கே திரளும்.

கோயில் வாயிலில் நின்று பெரியவர் திசைகளைக் காட்டினார். சேலம் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இந்த மலையில் பிறப்பது. வடபுறம் இறங்கித் தருமபுரிச் சீமைக்குப் போகும் வாணியாறும் இந்த மலையினதே. பிறகு பாக்சைட் வெட்டியெடுத்த பக்கத்தையும் காட்டினார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “அங்க ஒரு பாதை இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார்.

நடுப்பகலில் நாகலூர்ப் பக்கம் இறங்கி, இளைஞரின் உறவினர் வீட்டில் உண்டோம். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். விடுதிச் சாப்பாட்டில் குறை காணும் நண்பர்கள் அங்கே இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டதை இங்குப் பதிவு செய்வது என் கடமை! உண்டபின் திண்ணையில் பேச்சு வளர்ந்தது. இளைஞர் திருப்பூரில் நான்கு ஆண்டுகள் பனியன் கம்பெனியில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். ஊரில் அவர் வயதினர் பலர் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் கீழே போய்விட்டார்களாம். ஆள் நடக்காத பாதையை ஒரே மழைக்காலத்தில் உண்ணிச்செடி மூடிவிடுகிறதாம். ஒவ்வொரு பாறைக்கும் ஊற்றுக்கும் திருப்பத்திற்கும் பெரியப்பா ஒரு பெயர் சொல்வார் என்றும், தான் அவற்றை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் பேசிப் பதிந்து வைப்பதாகவும் சொன்னார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ, ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர் அவர்களின் நினைவு வந்தது.

மூன்றாம் நாள்

நாகலூரிலிருந்து சன்னியாசிமலைக்கு ஏறுவது என்பது திட்டம். பயணத்தின் மணிமுடி அதுவே என்று எல்லோரும் ஆவலோடு இருந்தோம். இரவில் தூறியிருந்தது. பாதி வழி ஏறியிருப்போம். பனிமூட்டம் அடர்ந்து முன்னால் செல்பவரின் முதுகு மறைந்தது. பெரியவர் நின்றார். குனிந்து தரையைப் பார்த்தார். புதிய சாணம், பெரிய குளம்புத் தடத்தருகே சிறிய குளம்புத் தடம். “கன்னுக்குட்டியோட காட்டுமாடு இருக்கு. மூட்டத்துல அதுக்கு நாம தெரியமாட்டோம், நமக்கு அது தெரியாது. வேண்டாம், திரும்பலாம்” என்றார்.

எங்கள் முகங்கள் வாடின. கால்மணி நேரம் காத்திருந்து பார்க்கலாம் என்றார் ஒருவர். கூச்சல் போட்டுக்கொண்டே போனால் விலகிவிடும் என்றார் மற்றொருவர். கேலி செய்த அந்த ஆல்ப்ஸ் நண்பரோ, “ஐயா, ஆளுக்கு நூறு ரூபாய் கூடப் போட்டுத் தருகிறோம்” என்றார். பெரியவர் சினக்கவில்லை. “பணத்துக்குச் சொல்லலை தம்பி. உங்களை எண்ணி வாங்கினேன். எண்ணித்தான் ஒப்படைக்கணும்” என்றார். பேராசிரியர் மறுபேச்சின்றித் திரும்பினார், நாங்களும் திரும்பினோம். கீழே வந்ததும் கோல் நீண்டது. “இருபது.”

இதில் வேடிக்கை என்னவென்றால், நண்பகலில் மூட்டம் முழுதும் கலைந்து, வெயிலில் சன்னியாசிமலை பளிச்சென்று நின்றது. “பார்த்தீர்களா, போயிருக்கலாம்!” என்று முணுமுணுப்பு எழுந்தது. அன்று மாலை பேருந்துக்காகக் காத்திருக்கையில் பேராசிரியர் அதற்கு விடை கூறினார். “போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இனி யாரும் மெய்ப்பிக்க முடியாது. நல்ல வழிகாட்டிக்கு உள்ள இடர் அதுதான். அவர் சரியாகச் சொன்ன நாட்களில் எதுவும் நடப்பதில்லை. எதுவும் நடக்காததால் அவர் வீணாகத் தடுத்ததாகவே தோன்றும்.”

பின் ஆல்ப்சைப் பற்றியே ஒரு செய்தி சொன்னார். மோண்ட் பிளாங்க் சிகரம் முதன்முதலில் ஏறப்பட்டது 1786இல். 1820இல் ஹாமெல் என்ற அறிஞர் சிலரோடு அச்சிகரத்தை நோக்கி ஏறினார். வானிலை கெட்டிருந்தது, வழிகாட்டிகள் தயங்கினர், ஆனால் பயணிகளின் விருப்பம் வென்றது. பனிச்சரிவில் வழிகாட்டிகள் மூவர் மாண்டனர். அதற்கு மறு ஆண்டு, 1821இல், அடிவாரத்து ஊராகிய சாமோனியில் வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அது இன்றும் இயங்குகிறது. சேர்வராயன் மலையில் காப்பி வேர்விடத் தொடங்கிய அதே காலம் அது.

நம் நாட்டிற்கும் அப்படி ஒரு துயரம் நேர்ந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் நம்மைவிடச் சில வயதே மூத்தவர்கள். அவ்வாண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்திற்கென விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்து, உள்ளூர் இளைஞர்க்குப் பயிற்சியளித்து, அவர்கள் துணையோடு மட்டுமே செல்லும் திட்டத்தை அரசு தொடங்கியது.

இத்திட்டத்தின் அருமை எனக்குப் பெரியவரிடம் பேசிய பிறகே முழுமையாக விளங்கியது. இளவயதில் அவர் வெளியூர் விருந்தினர்களுக்கு வழிகாட்டியதுண்டு. கூலி என்று ஒன்று இல்லை. மனம் மகிழ்ந்து கொடுப்பதே வருமானம். “அப்ப ‘வேண்டாம்’னு சொன்னா அன்னைக்குச் சோறு இல்லை. சில நாள் சொல்லியிருக்கேன், சில நாள் பயந்துகிட்டே கூட்டிட்டுப் போயிருக்கேன்” என்றார். இன்று அவர் மகன் முறையாகும் இளைஞர்க்குக் கூலி உறுதி. உச்சி வரை சென்றாலும் பாதியில் திரும்பினாலும் அது மாறாது. பிறர் மகிழ்ச்சியை நம்பி வாழ்பவன் உண்மை சொல்வது அரிது. வயிற்றுக்கு உறுதி இருந்தால்தான் வாய்க்கும் உறுதி வரும். இது மலைக்கு மட்டும் உரிய பாடம் அன்று என்பதை அறிவார்ந்த வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நண்பர்களே! ஆல்ப்சுக்குச் செல்லும் வாய்ப்பு நம்முள் எத்தனை பேருக்குக் கிட்டுமோ, அறியேன். நம் கல்லூரி மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் இந்த மலைக்கு ஒருமுறை நடந்து செல்லுங்கள். அனுமதி பெற்று, அந்த மலை மக்களைத் துணையாகக் கொண்டு செல்லுங்கள். அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் காரணம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே திரும்புங்கள்.

மற்றுமொரு வேண்டுகோள். நம் கல்லூரியிலேயே சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயிலும் நண்பர்கள் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டுப் பெரியோரிடம் பாதைகளின் பெயர்களையும் ஊற்றுகளின் பெயர்களையும் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பேராசிரியர்கள் இசைந்தால், அடுத்த ஆண்டு மலரில் அந்தப் பட்டியலை உங்கள் பெயரிலேயே வெளியிடலாம். படியெடுத்துத் தர நான் காத்திருக்கிறேன்.