விதைநெல்லும் விடுமுறையும்



இன்னும் சில நாள்களில் நம் மாநிலத்தில் பள்ளிகள் திறக்கவிருக்கின்றன. சீருடையும் காலணியும் வாங்கியிருப்பீர்கள். ஏறக்குறைய ஆறு வாரங்கள் நீடித்த இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று நான் கேட்டால், சிலர் செலக்டிவ் தேர்வுக்கான டியூஷனைச் சொல்வீர்கள். வேறு சிலர், "விடுமுறையில் என்ன படிப்பு, ஃபாதர்?" என்று சிரிப்பீர்கள். நான் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் இக்கேள்விக்கு வேறொரு விடை உண்டு. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்ற ஒரே வேண்டுகோளோடு அவர்கள் இசைவு தந்தார்கள்.

அவர்கள் லிட்கமில் வாழ்கிறார்கள். தந்தை மன்னார் மண்ணைச் சேர்ந்தவர். தாய் கன்னியாகுமரி மாவட்டத்தவர். பன்னிரண்டு, ஒன்பது, ஆறு வயதுகளில் மூன்று பிள்ளைகள், அவர்களோடு அப்பம்மா. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வதில்லை, வீட்டிலேயே கற்கிறார்கள். இது சட்டத்துக்குப் புறம்பானது என எண்ணுவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அப்படியன்று. நியூ சவுத் வேல்ஸில் 6 முதல் 17 வயது வரை கல்வி கட்டாயம். ஆனால் அதைப் பள்ளியில் பெறலாம், அல்லது மாநிலக் கல்வித் தர ஆணையத்தில் பதிவுசெய்து வீட்டில் பெறலாம். பெற்றோர் மாநிலப் பாடத்திட்டத்தைத் தழுவிய கல்வித் திட்டம் ஒன்றைத் தரவேண்டும். அதிகாரி ஒருவர் அதைப் பரிசீலிப்பார். பிள்ளை என்ன கற்றது என்பதற்கான பதிவேடுகளைக் காட்டவேண்டும். பதிவு ஒருமுறைக்கு 2 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது, மீண்டும் புதுப்பிக்கவேண்டும்.

பள்ளிப் பருவங்களின் கால அட்டவணை இவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகையால் கோடையில் இவ்வீட்டில் பாடம் நிற்பதில்லை. அதன் உருவம் மாறுகிறது. வெயில் ஏறுமுன் காலைச் செபம். அதில் ஒரு திருப்பாடலைத் தமிழில் வாசிப்பது பிள்ளைகளின் பொறுப்பு. ஆறு வயதுச் சிறுவன் எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது மற்ற எவரும் திருத்துவதில்லை. அப்பம்மா மட்டும் திருத்தலாம் என்பது வீட்டு விதி. பிறகு அப்பம்மா மோரில் ஊறிய மிளகாயை முற்றத்தில் காயவைப்பார். ஒன்பது வயதுச் சிறுமி வெப்பமானியைப் பார்த்து ஒவ்வொரு மணிக்கும் குறித்து, மிளகாயின் எடை நாளுக்கு நாள் குறைவதைக் கட்டமிட்ட தாளில் வரைபடமாக்குவாள். கணிதமும் அறிவியலும் தமிழும் ஒரே சுளகில் காய்கின்றன. அந்தத் தாள் பதிவேட்டில் சேர்கிறது. மேற்குச் சிட்னியின் வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. 2020 சனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 பாகை பதிவானதை நாம் மறக்கவில்லை. "இஞ்ச மோர்மிளகாய் ரெண்டு நாளில காயுது, சுவாமி" என்று அப்பம்மா அதிலும் ஒரு நன்மையைக் கண்டுகொள்கிறார்.

சில காலைகளில் அவர்கள் ரூக்வுட் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வார்கள். அப்பப்பா அங்குத்தான் துயில்கொள்கிறார். 1867-இல் நல்லடக்கம் தொடங்கிய அத்தோட்டத்தின் பெயரைத்தான் லிட்கமும் ஒருகாலத்தில் தாங்கியிருந்தது. 1914-இல் லிட்பெரி, லார்கம் என்னும் இரு நகரத் தலைவர்களின் பெயர்களை இணைத்து இன்றைய பெயரைச் சூட்டினார்கள். பிள்ளைகள் பழைய கல்லறைகளில் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்து வயதைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு வயதில் இறந்த குழந்தையின் கல் வந்தால் அங்கே நின்று ஒரு செபம் சொல்கிறார்கள். வரலாறும் கணக்கும் இறந்தோர்க்கான மன்றாட்டும் அங்கே பிரிந்து நிற்பதில்லை.

நம் புனிதர்களின் நாள்காட்டியும் இக்கோடைக்கு உதவுகிறது. சனவரி நடுவில் பொங்கல் திருநாள். சனவரி 14 புனித தேவசகாயத்தின் நினைவு. 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் உயிர் நீத்த அந்தப் பொதுநிலையினர், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அது தாயின் ஊர்க் கதை. சனவரி 16 புனித யோசேப் வாஸ் விழா. அது தந்தையின் ஊர்க் கதை. இக்கதையில்தான் நான் உங்களைச் சற்று நிறுத்த விரும்புகிறேன்.

1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லாமற்போயிற்று. 1687-இல் யோசேப் வாஸ் கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அம்மக்களுக்கு வெளிப்படையான திருப்பலி இல்லை, மறைக்கல்வி வகுப்பு இல்லை, கத்தோலிக்கப் பள்ளி இல்லை. மாந்தைக் கத்தோலிக்கர் அன்னையின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் சென்றதும் அந்தக் காலத்தில்தான். ஆயினும் வாஸ் அடிகளார் வந்தபோது செபமாலை சொல்லத் தெரிந்த மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? தாய்மாரும் பாட்டிமாரும்தாம். நம் முன்னோருக்கு வீடே பள்ளியாக இருந்த காலம் அது. வீட்டுக் கல்வியை மேலைநாட்டுப் புதுமை என்று சொல்வோர் இதைச் சிந்திக்கலாம்.

இனி இந்தக் கோடையில் அவ்வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன்.

மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பை ஒரு பள்ளியில் படிக்க விரும்புவதாக அவள் திருவருகைக் காலத்தில் பெற்றோரிடம் சொன்னாள். தந்தை மௌனமானார். தாய் கணக்காளர் வேலையை விட்டுவிட்டு ஏழு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். அவர் என்னிடம் வந்து, "இத்தன வருசம் பொத்திப் பொத்தி வளத்தோம் ஃபாதர். ஒரே வருசத்துல எல்லாம் போயிருமோ?" என்று கேட்டார். செபமும் தமிழும் பள்ளி வாசலில் உதிர்ந்துவிடுமோ என்பதே அவரது அச்சம். அது வீண் அச்சமன்று. இந்நாட்டில் பிள்ளை வளர்த்த நம்மில் எவருக்கும் அது புதிதன்று.

மகளும் தனியே வந்தாள். "எனக்கு வீட்டில படிக்க விருப்பம்தான் ஃபாதர். ஆனா என்ர வயசுப் பிள்ளையளோட இருந்தும் படிக்கோணும்" என்றாள். அதில் கோபமில்லை, பெற்றோரைத் துறக்கும் எண்ணமும் இல்லை.

கிறிஸ்து பிறப்பை அடுத்துத் திருக்குடும்ப விழா வந்தது. அதனையொட்டி நான் அவ்வீட்டுக்குச் சென்றபோது லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசித்தோம். அங்கேயும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான். பெற்றோர் அறியாமலே கோவிலில் தங்கி, போதகர்கள் நடுவே அமர்ந்து, கேட்கிறார், வினவுகிறார். மரியாவும் யோசேப்பும் மூன்று நாளுக்குப்பின் அவரைக் கண்டடைகிறார்கள். அவர்கள் பட்ட வேதனையை நற்செய்தி மறைப்பதில்லை. பிள்ளை சொன்ன மறுமொழியை அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்பதையும் மறைப்பதில்லை. பின்னர் பிள்ளை அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பி, அவர்களுக்குப் பணிந்து வாழ்கிறார். நாசரேத்து வீட்டில் கற்றதே கோவிலில் கேள்வியாக மலர்ந்தது என்று நான் எண்ணுகிறேன்.

வாசகம் முடிந்தபின் வெகுநேரம் எவரும் பேசவில்லை. அப்பம்மாதான் பேசினார்: "விதைநெல்லை எத்தினை நாளைக்கு மூட்டைக்குள்ள வச்சிருக்கிறது, சுவாமி? வயலில போடத்தானே வச்சனாங்கள்."

மன்னார் வயல்வெளியில் வளர்ந்த ஒருவரின் சொல் அது. நான் குருமடத்தில் கற்ற இறையியலால் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று கற்பிக்கிறது. அதே பகுதியில், அவர்களுக்குச் சமூகத்தின் துணை தேவை என்பதையும் திருச்சபைக்கும் அதில் கடமையுண்டு என்பதையும் அது சேர்த்தே கூறுகிறது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் வீடு கோட்டையாகிவிடும். இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் வீடு வெறும் விடுதியாகிவிடும்; பிள்ளை உண்டு உறங்க மட்டுமே வரும்.

இந்நாட்டின் முதல் புனிதரான மேரி மெக்கிலப்பை எண்ணிப்பாருங்கள். 1842 சனவரி 15 அன்று மெல்பர்னில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அவருக்குப் பெருமளவில் கற்பித்தவர் தந்தையே. குருத்துவத்துக்காக ரோமையில் பயின்று, அதை நிறைவுசெய்யாமல் திரும்பிய அந்தத் தந்தைக்குப் பொருளீட்டும் திறன் குறைவு, வீட்டில் வறுமை. இளவயதிலேயே மேரி வேலைக்குச் செல்லவேண்டியிருந்தது. ஆனால் அவ்வீட்டில் பெற்றதை அவர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 1866-இல் பெனோலாவில் பழைய குதிரை லாயம் ஒன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். வீட்டில் கற்ற மகள், பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைத் திறந்தார்.

அக்குடும்பத்தின் முடிவு இதுதான்: மூத்தவள் அருகிலுள்ள பள்ளிக்குச் செல்கிறாள், மற்ற இருவரும் வீட்டிலேயே தொடர்கிறார்கள். காலைச் செபம் அரைமணி நேரம் முன்னதாகத் தொடங்கும். திருப்பாடல் வாசிப்பில் அவளுடைய முறை மாறாது. தாயின் அச்சம் முழுவதும் நீங்கிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். சென்ற வாரம் சீருடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டே அவர் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரும் அன்புதான்.

அன்புக்குரியவர்களே, நீங்கள் எல்லாரும் வேலையை விட்டுப் பிள்ளைகளை வீட்டில் கற்பியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரு சம்பளமின்றி வீட்டுக் கடனைக் கட்ட இயலாத குடும்பங்களை நான் அறிவேன். வீட்டில் கற்பிப்போரைப் பார்த்து, "பிள்ளைகளைப் பூட்டி வைக்கிறார்கள்" என்று ஆலய முற்றத்தில் பேசவேண்டாம். பள்ளிக்கு அனுப்புவோரைப் பார்த்து, "பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள்" என்றும் பேசவேண்டாம். பதிவேடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் வீடு ஏற்கெனவே ஒரு பள்ளிதான். நீங்கள் உணவு மேசையில் பேசும் மொழியை, தொல்லையில் சொல்லும் செபத்தை, முதியவரை நடத்தும் விதத்தைப் பிள்ளைகள் நாள்தோறும் கற்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு விடுமுறை இல்லை.

லிட்கம் ஆலயம் புனித சுவக்கீனின் பெயரைத் தாங்கியது. மரியாவின் தந்தை, இயேசுவின் பாட்டனார். உங்கள் வீட்டிலும் ஒரு அப்பம்மாவோ அம்மம்மாவோ தாத்தாவோ இருக்கலாம். ஊரிலிருந்து திறன்பேசித் திரையில் மட்டும் வருபவராகவும் இருக்கலாம். பள்ளி திறக்குமுன் எஞ்சியிருக்கும் நாள்களில் ஒரு மாலைப்பொழுதை அவரிடம் ஒப்படையுங்கள். அவர் சிறுவயதில் கற்ற ஒரு செபத்தை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். எழுத்துக் கூட்டித்தான் சொல்லும், அவசரப்படவேண்டாம்.

பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழா. அன்றைய திருப்பலியில் மெழுகுதிரிகளை மந்திரிக்கும்போது, புதிய பள்ளிக்குச் செல்லும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும், அவர்களை அனுப்பிவைக்கும் தாய் தந்தையருக்காகவும் மன்றாடுவேன். பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் என்றும் தங்குவதாக.

கிறிஸ்துவில் உங்கள் அன்புப் பணியாளன்,
பங்குத்தந்தை